ஊதாதே, கண்ணு

அன்புள்ள கயலுக்கு,

அத்தை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனில் அழுதபோது எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. கூடத்தில் டி.வி. அலறிக்கொண்டிருந்தது. உன் மாமா வேறு "யாரு, என்னவாம்?" என்று பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். போனை வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மறுபடி போன் போட்டால் நீ "சரி அத்தை, சரி அத்தை" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போவாய். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன்.

"மூணு குத்து குத்திட்டேன் அத்தை. அந்தத் தாத்தா வாயே திறக்கல. அவரு மகதான், படிச்சுட்டுத்தான் வந்தியான்னு கேட்டுட்டாங்க" என்றாய். அந்த அம்மா கேட்டதில் தப்பில்லை. மூன்றாவது குத்துதான் தப்பு. ஒருவர் இரண்டு தடவை முயலலாம். அதற்கு மேல் ஊசியை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட வேண்டும். மூன்றாம் தடவை நீ குத்தியது அவருடைய ரத்தத்துக்காக இல்லை, உன் மானத்துக்காக. முப்பத்தாறு வருஷம் இதே வேலை பார்த்த நானும் கூப்பிட்டிருக்கிறேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னப் பையன் வந்து ஒரே குத்தில் எடுத்துவிட்டு, "அக்கா, டீ வாங்கித் தரணும்" என்பான். வாங்கித் தந்திருக்கிறேன்.

அந்தத் தாத்தா ரிப்போர்ட் வாங்க வரும்போது கையைக் காட்டச் சொல்லிப் பார். நீலம் பாய்ந்திருக்கும். வயதானவர்களுக்குத் தோல் காகிதம் மாதிரி. ஒரு வாரம், பத்து நாள் நிறம் மாறி மாறிக் கிடந்துவிட்டுப் போகும். பயப்பட வேண்டாம் என்று நீயே சொல். மன்னிப்புக் கேட்பதானால் அப்போதே கேட்டுக்கொள்.

ஆனால் அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடாதது அந்த மூன்று குத்து இல்லை. பேச்சோடு பேச்சாக நீ சொன்ன இன்னொன்று. ஆறரைக்குக் கவுண்டர் திறந்தால் ஒன்பதுக்குள் ஐம்பது டோக்கன், ஸ்பிரிட் காயும்வரை நின்றால் சீனியர் அக்கா "ஊதிட்டுக் குத்து" என்கிறார் என்றாயே, அது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு மூன்று நிமிஷம் வருகிறது. வேலையின் வரிசை சரியாக இருந்தால் மூன்று நிமிஷம் போதும், கயல். நான் பார்த்தவரை லேபில் நேரத்தைத் தின்பது ஸ்பிரிட் காய்கிற முப்பது விநாடி இல்லை. சாம்பிளில் சிவப்பணு உடைந்து ஹீமோலைஸ் ஆகி, ஆளைத் தேடி, அவர் பஸ் ஏறிவிட்டார் என்று தெரிந்து, போன் போட்டு, மறுநாளும் வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று கெஞ்சுகிறோமே, அந்த அலைச்சல்தான் தின்கிறது.

என் வரிசையைச் சொல்கிறேன். ஆள் உட்கார்ந்ததும் கையில் சானிட்டைசர் தேய்த்துக்கொள்வேன். இருபது, முப்பது விநாடி நன்றாகத் தேய்க்க வேண்டும். அந்த நேரத்தில்தான் பேர் கேட்பது. பிறகு கையில் ரப்பர் கட்டைக் கட்டி, நரம்பைத் தடவிக் கண்டுபிடித்துவிட்டு, கட்டை அவிழ்த்துவிடுவேன். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பேன். அது காய்கிற நேரத்தில் கிளவுஸ் மாட்டுவது, ட்யூப்களை எடுத்து வரிசையாக வைப்பது, பிளாஸ்டரைக் கிழித்து மேசை ஓரத்தில் ஒட்டி வைப்பது. திரும்பக் கட்டுக் கட்டி, குத்தி, எடுத்துவிடுவேன். அந்த முப்பது விநாடியில் நான் ஒருநாளும் சும்மா நின்றதில்லை. உன் சீனியர் அக்கா நிற்கிறார் போலிருக்கிறது, அதனால்தான் ஊதுகிறார்.

ஊதினால் என்ன ஆகிறது என்று யோசித்துப் பார். நம் வாயிலும் தொண்டையிலும் கிருமிகள் குடியிருக்கின்றன. அதையெல்லாம் துடைத்துச் சுத்தம் பண்ணிய இடத்தின் மேல் தூவிவிட்டு, அதன் வழியாக ஊசியை உள்ளே விடுகிறோம். அதற்குத் துடைக்காமலே குத்தலாம். ஸ்பிரிட் கொல்வது தோலில் ஈரமாக இருக்கிற நேரத்தில்தான். எழுபது சதவீத ஆல்கஹால் என்று ஏன் வைத்திருக்கிறார்கள்? மீதித் தண்ணீர் இருந்தால்தான் அது கிருமியின் புரதத்துக்குள் இறங்கி வேலை செய்யும். சுத்த ஆல்கஹாலாக இருந்தால் மேலோடு உறைய வைத்துவிட்டுச் சட்டென்று ஆவியாகிவிடும். காயாமல் குத்தினாலும் கேடுதான். நோயாளிக்குச் சுரீரென்று எரியும், சாம்பிளில் ஆல்கஹால் கலந்தால் சிவப்பணு உடையும். எரிந்த கையை அவர் இழுப்பார், ஊசி நகரும், பிறகு நீ இரண்டாம் குத்துக்கு வருவாய்.

ஊதுவது மட்டுமில்லை. துடைத்துவிட்டு, "இருக்கா?" என்று மறுபடி விரலால் தொட்டுப் பார்க்கிற பழக்கம் நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு உண்டு. தொட்டுவிட்டால் திரும்பத் துடை. இன்னும் சிலர் கிளவுஸின் ஆள்காட்டி விரல் நுனியை மட்டும் கிழித்து விட்டுக்கொள்வார்கள், நரம்பு தெரியவேண்டுமாம். வீட்டுக் கூரையில் ஓர் ஓடு மட்டும் எடுத்துவிட்டு மழைக்கு ஒதுங்குவது மாதிரி. வெறும் விரலால் முதலிலேயே தடவி இடத்தை மனசில் வைத்துக்கொள். ஒரு மச்சமோ கோடோ அங்கே அடையாளத்துக்கு இருக்கும்.

பஞ்சு டப்பாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காலையில் வந்ததும் ஒரு எவர்சில்வர் டப்பா நிறையப் பஞ்சை உருட்டிப் போட்டு, ஸ்பிரிட்டை ஊற்றி மூடி வைத்துக்கொண்டு, நாள் முழுக்க அதிலிருந்து எடுப்பது. நாங்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தோம். அதில் ஒரு பெருமைகூட உண்டு, யார் உருட்டிய பஞ்சு ஒரே அளவாக இருக்கிறது என்று. ரத்தம் பட்ட கையும், வேர்த்த கையும், பேனா பிடித்த கையும் மாறி மாறி அந்த டப்பாவுக்குள் போகும். ஸ்பிரிட்டும் மதியத்துக்குள் பாதி ஆவியாகிவிடும். உலக சுகாதார நிறுவனம் இப்படி ஊறப்போட்டு வைக்கவே கூடாது என்று எழுதி வைத்திருப்பதை நான் படித்தது 2011-இலோ 2012-இலோ, ஒரு பயிற்சி வகுப்பில். அதற்குள் இருபத்தெட்டு வருஷம் உருட்டி முடித்துவிட்டேன். உறையில் வருகிற ஸ்வாப் வாங்கித் தருகிறார்களா என்று கேள். இல்லையென்றால் உலர்ந்த பஞ்சைத் தனியே வைத்து, அந்தந்த ஆளுக்கு அப்போதைக்கப்போது ஸ்பிரிட்டை ஊற்றிக்கொள். எடுத்து முடித்த பிறகு அழுத்தக் கொடுப்பது உலர்ந்த பஞ்சாகவே இருக்கட்டும்.

கட்டும் ரப்பரையும் பார். உங்கள் லேபில் எப்படியோ, எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரே ரப்பர் ட்யூப் வருஷக்கணக்கில் எல்லார் கையிலும் ஏறி இறங்கும். அதில் ஒரு பொட்டு ரத்தம் காய்ந்திருந்தால் போதும். மஞ்சள் காமாலை பி வைரஸ் காய்ந்த இடத்தில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கும். ரத்தம் பட்டால் தூக்கிப் போடு, இல்லாவிட்டாலும் அடிக்கடி துடை.

இனி நரம்பு. "எனக்கு நரம்பே கிடைக்காதும்மா" என்று சொல்லிக்கொண்டேதான் பாதிப் பேர் உட்காருவார்கள். பாடப் புத்தகம் சிரை என்கிறது, ஊர் நரம்பு என்கிறது. ஊரைத் திருத்தப் போகாதே, நானும் நரம்பு என்றுதான் எழுதுகிறேன். ஆனால் உன் மனசுக்குள் இரண்டும் கலந்துவிடக் கூடாது. முழங்கை மடிப்பின் நடுவில் சாய்வாக ஓடும் மீடியன் க்யூபிட்டல்தான் உன் முதல் இடம். அது சரியில்லையென்றால் கட்டைவிரல் பக்கம் செஃபாலிக். சுண்டுவிரல் பக்கத்துப் பெசிலிக் கடைசி, ஏனென்றால் கைத் தமனியும், நிஜமான நரம்பும், அதற்கு அடியில் பக்கத்திலேயே ஓடுகின்றன. குத்தியதும் "ஷாக் அடிச்ச மாதிரி விரல் வரைக்கும் ஓடுது" என்று ஒருவர் சொன்னால் அது வலி தாங்காத பேச்சு இல்லை. உடனே ஊசியை வெளியே எடு. ரத்தம் பளிச்சென்ற சிவப்பில் துடித்துத் துடித்து வந்தால் தமனியில் விட்டுவிட்டாய். எடுத்துவிட்டு ஐந்து நிமிஷத்துக்குக் குறையாமல் நீயே அழுத்திப் பிடி, நோயாளியிடம் விட்டுவிடாதே.

கண்ணால் தேடாதே, விரலால் தேடு. ஆள்காட்டி விரலால்தான் தேட வேண்டும். கட்டைவிரலில் உன் நாடியே துடிக்கும், ஏமாந்து போவாய். அழுத்தினால் விரைப்பாகக் கயிறு மாதிரி இருந்தால் அது தசைநாண். துடித்தால் தமனி. சைக்கிள் வால்ட்யூபை விரலுக்கடியில் வைத்து அழுத்தினால் அமுங்கி எழும்புமே, அதுதான் நீ தேடுவது. கண்ணுக்குத் தெரிகிற பச்சைக் கோடெல்லாம் மேலாக ஓடுகிற மெல்லிசு, குத்தினால் உடைந்து போகும். பவானிப் பக்கம் ஜமக்காளம் நெய்த பெரியவர்கள் வருவார்கள். கையில் நரம்பு கொடி கொடியாகப் புடைத்து நிற்கும். சுலபம் என்று நினைத்து ஊசியை வைத்தால் அப்படியே உருண்டு ஒதுங்கும். குத்துகிற இடத்துக்கு இரண்டு விரற்கடை கீழே கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டால் உருளாது. நீ மூன்று தடவை குத்திய தாத்தாவுக்கும் அந்த மாதிரிக் கைதான் என்று நினைக்கிறேன்.

கிடைக்கவில்லையென்றால் தட்டாதே, அறையாதே. கையைத் தொங்கவிடச் சொல், வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடு, தண்ணீர் குடிக்கச் சொல். வெறும் வயிற்று டெஸ்டுக்குத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் சித்திரை வெயிலில் நரம்பு இல்லாமல் வந்து நிற்பார்கள். கட்டு, முழங்கை மடிப்புக்கு நான்கைந்து விரல் மேலே, ஒரு நிமிஷத்துக்குள். அதற்கு மேல் போனால் நீர் மட்டும் வெளியே கசிந்து, புரதமும் அணுக்களும் உள்ளே கெட்டிப்பட்டு, இல்லாத ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டில் ஏறும். "விரலை மூடித் திற, மூடித் திற" என்று சொல்வதையும் விட்டுவிடு. தசை வேலை செய்யச் செய்யப் பொட்டாசியம் கூடும். லேசாக மூடி வைத்தால் போதும்.

ஊசியின் சாய்ந்த வெட்டு மேலே பார்க்க, முப்பது டிகிரிக்கு மிகாமல். பெரியவர்களுக்கு 21 அல்லது 22 கேஜ், குழந்தைக்கும் மெல்லிய நரம்புக்கும் 23. சிரிஞ்சில் எடுத்தால் பிஸ்டனை வெடுக்கென்று இழுக்காதே. எடுத்ததை ட்யூபுக்குள் பீச்சியடிக்கவும் கூடாது. சிவப்பணு ஒவ்வொன்றும் பொட்டாசியம் நிறைந்த ஒரு பை. அது உடைந்தால் சீரம் ரோஸ் மில்க் நிறத்துக்கு வந்து, பொட்டாசியம் தாறுமாறாக ஏறும். ட்யூபைக் கலக்குவது என்றால் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துவது, லாவண்டர் மூடியை எட்டுப் பத்து முறை, நீல மூடியை மூன்று நான்கு முறை. உலுக்குவது இருமல் மருந்துக்கு.

மூடி நிறங்களின் வரிசையை உனக்குக் காலேஜில் மனப்பாடம் செய்ய வைத்திருப்பார்கள். கல்ச்சர் பாட்டில் முதலில், பிறகு இளநீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, லாவண்டர், கடைசியில் சாம்பல். அதற்குக் காரணம் சொல்லிக் கொடுத்தார்களா என்று தெரியவில்லை, நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒருநாள் எங்கள் லேபில் ஒரு ரிசல்ட் வந்தது. பொட்டாசியம் எட்டுக்கு மேல், கால்சியம் நாலுக்குக் கீழ். பயோகெமிஸ்ட் மேடம் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார். அந்த ரத்தத்துக்கு உரிய ஆள் வேப்பமரத்தடியில் நின்று வடை தின்றுகொண்டிருந்தார். "இந்த நம்பர் உண்மைன்னா இவர் இப்படி நிக்கவே முடியாது. யார் எடுத்தது?" என்றார். எடுத்த பெண்ணுக்குச் சிவப்பு ட்யூபில் ரத்தம் போதவில்லை. லாவண்டரில் மிச்சம் இருந்ததைக் கொஞ்சம் அதில் சாய்த்துவிட்டாள். லாவண்டரில் இருப்பது பொட்டாசியம் ஈ.டி.டி.ஏ. உப்பு. பொட்டாசியத்தைக் கொடுக்கும், கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நல்லவேளை அவருக்கு வடை பிடித்திருந்தது. படுக்கையில் நினைவில்லாமல் கிடக்கிற ஒருவருடைய ரத்தமாக இருந்திருந்தால்?

இளநீல மூடியில் கோடுவரை நிரப்பு. ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு. குறைந்தால் உறையும் நேரம் பொய் சொல்லும், வார்ஃபரின் சாப்பிடுகிற ஒருவருக்கு மாத்திரை அளவு மாறிவிடும். சர்க்கரை சாம்பிளைச் சாதா ட்யூபில் எடுத்து மேசையில் மறந்து வைத்தால் அணுக்கள் அதைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம்வரை. வெயில் காலத்து முகாம்களில் "எனக்குச் சர்க்கரை நல்லா இறங்கிடுச்சு" என்று சந்தோஷமாகப் போனவர்களில் எத்தனை பேருக்கு நிஜமாகவே இறங்கியதோ.

நான் செய்ததையும் சொல்கிறேன், இல்லாவிட்டால் ஊரார் தப்பை மட்டும் சொன்னதாக ஆகிவிடும். வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருஷம், நைட் டூட்டி. அறுவை வார்டில் ஒருவருக்கு வலது கையில் மாவுக் கட்டு, இடது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. எழுப்பி, காலில் தேட வேண்டுமா என்று டாக்டரைக் கேட்கச் சோம்பல். இடது கையிலேயே ட்ரிப்புக்கு மேலே எடுத்துவிட்டேன். சர்க்கரை ஐந்நூற்றுச் சில்லறை. டூட்டி டாக்டர் இன்சுலின் எழுதிவிட்டார். மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டு கட்டிலுக்குப் போன சிஸ்டர் பாதியில் நின்று என்னைக் கூப்பிட்டார். "இவருக்குச் சர்க்கரையே கிடையாதே கண்ணு, நீ எந்தக் கையில எடுத்தே?" அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. நான் சொன்ன பதில் எனக்கே கேட்கவில்லை. ட்ரிப் ஏறுகிற கை, டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா போட்ட கை, மார்பக அறுவை நடந்த பக்கத்துக் கை, இவற்றைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டியவரைக் கேட்டுவிடு. ஃபிஸ்டுலா கையில் ரப்பரைக் கட்டுவதே பாவம், அவர் உயிர் ஓடுவது அந்த வழியாகத்தான்.

பேர் விஷயத்துக்கு வருகிறேன். "நீங்கதானே பழனியம்மா?" என்று கேட்காதே. நம் பக்கத்தில் ஒரு பெஞ்சில் மூன்று பழனியம்மாள் இருப்பார்கள், காது கேட்காத நாலாவது பாட்டியும் "ஆமாஞ்சாமி" என்பாள். "உங்க பேரு சொல்லுங்க, வயசு, வீட்டுக்காரர் பேரு?" என்று அவர்கள் வாயால் வரவழை. லேபிளை ரத்தம் எடுத்த பிறகு, அந்த ஆள் எழுந்து போவதற்குள், அவர் எதிரிலேயே ஒட்டு. காலியான ட்யூபுகளில் முன்கூட்டியே பேர் எழுதி அடுக்கி வைப்பது வேகம் மாதிரித் தெரியும். சர்க்கரை, கொழுப்பு மாறினால் திரும்பப் பார்த்துக்கொள்ளலாம். ரத்தம் ஏற்றுவதற்காக எடுத்த க்ரூப் சாம்பிள் மாறினால் ஆள் போய்விடுவார்.

ஆளை உட்கார வைப்பதிலும் சிக்கனம் பார்க்காதே. எங்களுக்கு முதுகு சாயாத மர ஸ்டூல்தான். போலீஸ் செலக்‌ஷனுக்கு மெடிக்கல் வந்த ஆறடிப் பையன் ஒருவன் ஊசியைப் பார்த்தான், அவ்வளவுதான், சரிந்து மேசை விளிம்பில் புருவம் கிழிந்து மூன்று தையல். "முன்னாடி எப்பவாவது மயக்கம் வந்திருக்கா?" என்று கேட்டுவிடு. வந்தவரைப் படுக்க வைத்து எடு. எடுக்கும்போதே வேர்த்து வெளிறினால் கட்டை அவிழ், ஊசியை எடு, படுக்க வைத்துக் காலைத் தூக்கு. குழந்தைகளிடம் வலிக்காது என்று சொல்லாதே. ஒரு தடவை ஏமாந்த குழந்தை அதற்குப் பிறகு எந்த வெள்ளைக் கோட்டையும் நம்பாது.

கட்டை அவிழ்த்த பிறகுதான் ஊசியை எடுப்பது. மறந்து மாற்றிச் செய்தால் ரத்தம் தோலுக்கடியில் பாய்ந்து வீங்கும். பஞ்சை வைத்துக் கையை மடக்கச் சொல்வதும் வேண்டாம். கையை நீட்டி, விரலால் அழுத்திப் பிடிக்கட்டும். ஆஸ்பிரின், க்ளோபிடோகிரெல் சாப்பிடுகிற இதய நோயாளி என்றால் ஐந்து நிமிஷம்.

இப்போது உன் கையில் ஊசி மட்டும் இருக்கிறது. அதன் மூடியைத் திரும்ப மாட்டாதே. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், தள்ளிப் போட்டுக்கொண்டே வந்துவிட்டேன்.

நான் சேர்ந்த 1983-இல் எங்களுக்குக் கண்ணாடிச் சிரிஞ்சுதான். ஸ்டெரிலைசரில் கொதிக்க வைத்துத் திரும்பத் திரும்ப எடுப்போம். மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டித் தருவதற்கு என்றே ஒருவர் இருந்தார். கழுவின பென்சிலின் குப்பிதான் சாம்பிள் பாட்டில். ரத்தத்தைப் பற்றி எங்களுக்குப் பயமே கிடையாது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் என்ற பேராசிரியையின் யோசனைப்படி, அவர் மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்து, வைக்க இடமில்லாமல் தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரிந்தது. செய்தி வந்த பிறகும் எங்களுக்கு அது சென்னைச் சமாசாரம்தான்.

1991-இல் ஒரு சாயங்காலம். டிஸ்போசபிள் வந்துவிட்டது, பழைய பழக்கம் போகவில்லை. மூடியை மாட்டும்போது ஊசி இடது ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. என்ன செய்தேன் தெரியுமா? பிதுக்கினேன், வாயில் வைத்து உறிஞ்சினேன், ஸ்பிரிட்டை ஊற்றிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். செய்யக் கூடாத மூன்றையும் ஒரே நிமிஷத்தில் செய்து முடித்தேன். மூன்று நாள் கழித்து ரிஜிஸ்டரைப் புரட்டும்போது அந்த நோயாளியின் பேருக்கு நேரே ஆஸ்திரேலியா ஆன்டிஜென் பாசிட்டிவ் என்று இருந்தது. மஞ்சள் காமாலை பி-யை அப்போது அப்படித்தான் எழுதுவோம். உன் அத்தானுக்கு அப்போது ஒரு வயசு. ஆறு மாதம் என் தட்டு, டம்ளரைத் தனியே வைத்தேன். காலையில் எழுந்ததும் கண்ணாடியில் கண் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒன்றும் ஆகவில்லை. உன் மாமாவுக்கு இன்றுவரை தெரியாது, இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வை.

தடுப்பூசி போடாத ஒருவருக்கு அந்த மாதிரிக் குத்தில் காமாலை பி ஒட்ட நூற்றுக்கு முப்பதுவரை வாய்ப்பு. சி வகைக்கு அதைவிட மிகக் குறைவு. எச்.ஐ.வி.க்கு ஆயிரத்துக்கு மூன்று. நம் ஆட்கள் பயப்படுவது இதைத் தலைகீழாக்கி. உனக்கு அப்படி ஏதாவது ஆனால் சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். பிதுக்காதே, வாயில் வைக்காதே. உடனே பொறுப்பில் இருப்பவரிடம் சொல்லி எழுதி வை. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, எழுபத்திரண்டு மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை. இருபத்தெட்டு நாள் சாப்பிட வேண்டும், அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்கும். திட்டுவார்கள் என்று மறைத்துவிடாதே.

ஊசி நேராக வெள்ளை டப்பாவுக்கு, குத்தினாலும் கிழியாத டப்பா. முக்கால் நிறைந்ததும் மூடிவிட வேண்டும். ஊசி நீக்கிய சிரிஞ்சும் கிளவுஸும் சிவப்புப் பைக்கு, ரத்தப் பஞ்சு மஞ்சளுக்கு. 2016 விதி அது. டப்பா மேசையில் உன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நாலடி நடந்தால் அந்த நாலடியில்தான் யாராவது குறுக்கே வருவார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் கிளவுஸை மாற்று. ஒரே கிளவுஸை மாட்டிக்கொண்டு ஐம்பது பேரைத் தொட்டால் பாதுகாப்பு உனக்கு மட்டும்தான்.

இன்னொன்று. ட்யூபில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, "பார்த்து எடு, அந்தக் கேஸ்" என்று கிசுகிசுப்பார்கள். 2017 சட்டப்படி எச்.ஐ.வி. உள்ளவரின் நிலையை இப்படி வெளியே காட்டக் கூடாது. சட்டத்தை விடு, வேலைக்கே உதவாத வழக்கம். வட்டம் போடாத ஆளின் ஊசிதானே என்னை 1991-இல் குத்தியது. எல்லாருடைய ரத்தத்தையும் அந்த வட்டம் போட்ட ரத்தமாகவே நினைத்து எடு.

சீனியர் அக்காவோடு சண்டைக்குப் போகாதே. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, எனக்கும்தான் இருபத்தெட்டு வருஷம் சொல்லித் தரவில்லையே. உன் வரிசைப்படி நீ எடு. மாதக் கடைசியில் யாருடைய சாம்பிள் அதிகம் திரும்பி வந்தது என்று ரிஜிஸ்டர் சொல்லும்.

காமாலைத் தடுப்பூசி இரண்டு டோஸ் போட்டுவிட்டதாகச் சொன்னாய். ஜூனில் முதலாவது என்றால் மூன்றாவது டிசம்பரில் வருகிறது, காலண்டரில் குறித்துக்கொள். அது முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டிபாடி அளவைப் பார், பத்துக்கு மேல் இருக்க வேண்டும். நம்பர் வந்ததும் எனக்குச் சொல். ஊசி போடுகிற சிஸ்டர் உன் தோளில் ஸ்பிரிட்டை ஊதுகிறாரா என்றும் பார்த்துச் சொல்.

இப்படிக்கு,
அத்தை